ஜன்னல் திறக்காத மாதங்கள்: வீட்டுக்குள் எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது?

பனிக்காலத்தில் வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று தேடினால் ஐம்பது யோசனைகள் வந்து விழும். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தப் பட்டியல்களில் பாதி, கோடையில் செய்யவேண்டிய வேலைகள். பழைய அலமாரிக்கு வார்னிஷ் அடிப்பது, ரெசினில் நகை வார்ப்பது, படுக்கையறைச் சுவருக்குப் புது நிறம் பூசுவது என்று எல்லாமே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யவேண்டியவை. வெளியே மைனஸ் பத்து டிகிரி இருக்கும்போது யார் ஜன்னலைத் திறப்பார்கள்?

அதனால் "எனக்கு எது பிடிக்கும்?" என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். முதல் கேள்வி, "மூடிக் கிடக்கும் இந்த வீடு எதைத் தாங்கும்?" என்பது. இந்தக் கேள்வியைக் கேட்டாலே பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். மிச்சமிருப்பதை ஒப்பிடுவது அவ்வளவு கஷ்டமில்லை.

முதலில் வீட்டைப் பார்ப்போம்

ஹீட்டர் ஓடும் வீட்டில் உள்ளே இருக்கும் காற்று பெரும்பாலும் உள்ளேயே சுற்றுகிறது. பெயிண்ட் வாடை, தின்னர், ஸ்பிரே, சால்டரிங் புகை, மரத்தூள் என்று எது கிளம்பினாலும் வெளியே போக வழியில்லை. கூடத்தில் செய்த வேலையின் வாடை ராத்திரி படுக்கையறைக்கு வந்து தங்கும். சின்னக் குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருக்கும் வீட்டில் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது வறட்சி. குளிர்ந்த காற்றால் ஈரத்தை அதிகம் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. மைனஸ் 10 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் வெளிக்காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நம் மூச்சும் சமையலும் குளியலும் அதைக் கொஞ்சம் ஏற்றும். அப்படியும் 20, 30 விழுக்காட்டில் நிற்கும் வீடுகள் சகஜம். உதடு வெடிப்பது போதாதென்று மரமும் வெடிக்கும், கிதாரும் வெடிக்கும், அக்ரிலிக் நூல் விரலில் ஒட்டிக்கொண்டு சடசடக்கும்.

வெளிச்சமும் குறைவு. 60 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே தலைகாட்டும். கருநீல நூலில் கண்ணி எண்ணுவதும், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம் கலப்பதும் மங்கிய மஞ்சள் பல்பின் கீழ் நடக்காது. எந்தப் பொழுதுபோக்கை எடுத்தாலும் ஒரு நல்ல மேசை விளக்கு வேண்டும். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கான எண் அது.

பெரும் பனிப்புயலில் மின்சாரம் போகலாம், பாதை அடைபட்டால் கூரியரும் வராது. நடுவில் ஒரு திருகாணி தீர்ந்துபோனாலும் வேலை நின்றுவிடும்.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று, பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது. பனிக்காலத்தில் எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். சாப்பாட்டு மேசையை மூன்று வாரம் பிடித்துவைக்கும் எந்த வேலையும் நான்காவது வாரம் சண்டையில் முடியும்.

நூல்: ஒற்றைக் கொக்கியா, இரட்டை ஊசியா?

மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் சுலபமாகத் தேறுவது நூல் வேலை. புகையில்லை, தூளில்லை, மின்சாரம் வேண்டாம், எழும்போது பையில் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். செய்து முடித்ததை அதே பருவத்தில் போட்டுக்கொள்ளவும் முடியும். இதில் முடிவு செய்யவேண்டியது ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷேவா, இரண்டு பின்னல் ஊசியா என்பதை மட்டும்தான்.

குரோஷேயில் பெரும்பாலான நேரம் திறந்திருக்கும் கண்ணி ஒன்றே ஒன்று. தப்பு தெரிந்தால் கொக்கியை எடுத்துவிட்டு நூலைப் பிடித்து இழுக்கலாம். தப்பான இடம் வரை உருவிக்கொண்டு வரும், அங்கே கொக்கியை மாட்டி மறுபடி தொடங்கலாம். பின்னல் ஊசியில் ஒரு வரிசையின் அத்தனை கண்ணிகளும் திறந்தபடி ஊசியில் தொங்குகின்றன. அதில் ஒன்று நழுவினால் வரிசை வரிசையாகக் கீழே அவிழ்ந்துகொண்டே போய், துணியின் நடுவில் ஏணி மாதிரி ஒரு இடைவெளி விழும். பழகியவர்கள் ஒரு கொக்கியைக் கீழ்ப்படியில் மாட்டி, படிக்கம்பி ஒவ்வொன்றையும் கண்ணி வழியே இழுத்து இழுத்து மேலே ஏற்றிவிடுவார்கள். பார்க்க அழகான வேலை. புதிதாகக் கற்பவருக்கு ராத்திரி பத்து மணிக்கு அது நடந்தால் அழுகை வரும்.

ஆகவே குரோஷேதான் சுலபமா? தொடங்குவதற்கு, ஆமாம். ஆனால் குரோஷே துணி கனமாகவும் சற்று விறைப்பாகவும் வரும், நூலும் அதிகம் தின்னும். பின்னல் துணி இழுபடும், உடம்போடு படியும். போர்வை, பொம்மை, கூடை என்றால் கொக்கி. காலுறை, கையுறை, ஸ்வெட்டர் என்றால் ஊசி. என்ன செய்ய ஆசை என்பதிலிருந்து கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. கருவியை வாங்கிவிட்டு என்ன செய்யலாம் என்று தேடுகிறவர்களின் கூடையில் அரைகுறைச் சதுரங்கள்தான் சேரும்.

முதல் வேலையாக மஃப்ளர் பின்னச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 20 செ.மீ. அகலம், 180 செ.மீ. நீளம், முழுக்க ஒரே வரிசை. கற்கவேண்டியதெல்லாம் முதல் இருபது சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடும். மிச்சம் 160 சென்டிமீட்டரும் பொறுமைக்கு வைத்த பரீட்சை. தொப்பி நல்ல தொடக்கம். சில மாலைகளில் முடியும், கண்ணி கூட்டுவது குறைப்பது இரண்டும் கைவரும், அளவு கொஞ்சம் பிசகினாலும் யாராவது ஒரு தலைக்குப் பொருந்தும்.

ஸ்வெட்டருக்குப் போகிறவர்கள் மாதிரித் துண்டை மட்டும் தவிர்க்கவே கூடாது. 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறதென்று எண்ணவேண்டும். வடிவக் குறிப்பில் 20 என்றிருக்க உங்கள் கைக்கு 22 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுதானே என்று தோன்றும். மார்புச் சுற்றளவு 100 செ.மீ. என்று 200 கண்ணி போட்டால், 22 வரும் கையில் அது 91 சென்டிமீட்டரில் முடியும். ஒரு மாதப் பின்னலைத் தலைவழியே நுழைக்கக்கூட முடியாமல் போகலாம்.

தொடங்க 5 மி.மீ. கொக்கி அல்லது ஊசி, நடுத்தரக் கனமான உல்லன் நூல், வெளிர் நிறம். ஊசி மூங்கிலாக இருந்தால் கண்ணி வழுக்காது. வேலை முழுவதற்கும் வேண்டிய உருண்டைகளை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் ஒன்று இருக்கும். அது எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். தொகுதி மாறினால் கையில் பார்க்கும்போது ஒரே நிறமாகத்தான் தெரியும், பின்னிய பிறகு நடுமுதுகில் ஒரு கோடு விழும். நடுப் பனிக்காலத்தில் ஓர் உருண்டை குறைந்தால் அதே தொகுதி மறுபடி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வடிவக் குறிப்புகளுக்கு 2007இல் தொடங்கிய ரேவல்ரி தளம் ஒன்றே பல பனிக்காலங்களுக்குப் போதும், இலவசமாகவே ஏராளம் கிடைக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கட்டைவிரலையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்குங்கள். ஆர்வத்தில் நாள் முழுக்கப் பின்னி மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

மரம்: கத்தி சரி, ரம்பம் வேண்டாம்

வயலில் வேலையில்லாத நீண்ட குளிர்மாதங்களில் கருவிப் பிடி, கரண்டி, கிண்ணம் என்று வீட்டிலேயே செய்துகொள்வது ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற நார்டிக் நாடுகளில் பழைய வழக்கம். அந்தக் கைவேலை மரபுக்கு ஸ்லாய்டு என்று பெயர். ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866இல் ஃபின்லாந்துப் பள்ளிகளில் அது பாடமாகவே சேர்ந்தது. மூடிய வீட்டுக்குள், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும்படி வளர்ந்த கலை என்பதால் நம் சோதனைகளுக்குப் பொருந்திப் போகிறது.

அடிப்படை விஷயம் இதுதான்: கத்தியால் சீவினால் சுருள் விழும், உப்புத்தாளால் தேய்த்தால் தூள் பறக்கும். சுருளைக் கூட்டி அள்ளலாம், தூளை மூச்சில் இழுப்போம். அதனால் பனிக்காலத்தில் மரவேலை என்றால் கத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடியில் ஒரு பழைய போர்வை, கீழே ஒரு விரிப்பு, கரண்டியோ சின்னப் பறவையோ செய்யும் அளவுக்கு ஒரு கட்டை. கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுப்படாத கையுறை கட்டாயம். கத்தி எப்போதும் கூராக இருக்கவேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது நழுவிக் கைக்கு வரும்.

கரண்டிக்குப் பச்சை மரம், அதாவது ஈரம் காயாத மரம் நல்லது, வெண்ணெயாகச் சீவ வரும். ஆனால் ஹீட்டர் ஓடும் அறையில் பச்சை மரத்தை ஒரு ராத்திரி வெளியே விட்டால் காலையில் முனையில் வெடிப்பு தெரியும். மேற்புறம் வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருப்பதால் வருவது அது. பாதி செதுக்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைப்பார்கள். பனிக்காலத்தில் அந்தச் செலவும் இல்லை, பையோடு பால்கனிப் பனியில் புதைத்துவிட்டால் போதும்.

மேசை நாற்காலி செய்யும் ஆசை இருந்தால் வசந்தம் வரை பொறுங்கள். வீட்டுக்குள் ரம்பம் ஓட்ட முடியாது. குளிர்ந்த கராஜில் ஓட்டலாம், ஆனால் சாதாரண வெள்ளைப் பசை பத்து டிகிரி வாக்கிலேயே சண்டித்தனம் செய்யும். அதற்கும் கீழே போனால் வெளுத்துப் பொடியாகி மூட்டு கழன்றுவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மரம் வறண்ட காற்றில் அகலவாக்கில் சுருங்கும். ஜனவரியில் அச்சாகப் பொருந்தும்படி செய்த இழுப்பறை, ஈரக்காற்று வரும் மாதங்களில் உப்பி, இழுத்தாலும் வராமல் மாட்டிக்கொள்ளும்.

காகிதம்

தைத்த நோட்டுப் புத்தகம் செய்வதை இங்கே சேர்க்கிறேன், காரணம் அது ஒரே மாலையில் முடிகிறது. பெரிய வேலைகளுக்கு நடுவில் இப்படி ஒன்றும் வேண்டும். ஐந்தாறு தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒரு ஃபாரம். மடிப்பில் குத்தூசியால் மூன்று துளை. நடுத்துளை வழியே உள்ளேயிருந்து வெளியே ஊசியை எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே எடுத்து, திரும்ப நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நீளமாக ஓடும் நூலின் இரு பக்கமும் நூல்முனைகள் வரும்படி முடிச்சுப் போட்டால் புத்தகம் தயார். தாளை வாங்கியதும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த மடிப்பு புத்தகத்தின் முதுகாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு நிற்கும்.

ஜிக்சாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி மரப்பலகையில் ஒட்டிய வரைபடத்தைத் துண்டுபோட்டு விற்ற காலத்திலிருந்து அது நேரத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆயிரம் துண்டு ஜிக்சாவுக்குச் சுமார் 70 × 50 செ.மீ. இடம் வேண்டும். அதைவிடச் சற்றுப் பெரிய ஒட்டுப்பலகைமேல் செய்தால் சாப்பாட்டு நேரத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. வீடே சேர்ந்து செய்யலாம் என்பதற்காக மட்டும் வாங்கலாம்.

பழைய படங்களும் நாடாக்களும்

வீட்டு வேலை என்ற வரிசையில் பனிக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. கோடையில் இதை யாரும் தொடமாட்டார்கள். ஆல்பங்கள் பரணில் கிடக்கும், கேசட்டுகள் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும்.

எடுக்கும்போதே ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த பரணிலிருந்தோ கராஜிலிருந்தோ நேராகச் சூடான அறைக்குக் கொண்டுவந்து திறந்தால் படத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிக் கொண்டுவந்து, சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு திறக்கவேண்டும்.

வரிசையில் முதலிடம் நாடாக்களுக்கு. படம் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும், காந்த நாடா காத்திருக்காது. ஓட்டிப் பார்க்கும் கருவியும் அருகிவிட்டது. ஃபிலிப்ஸ் ஒலிக் கேசட்டைக் கொண்டுவந்தது 1963இல், வி.ஹெச்.எஸ். வீடியோ நாடா வந்தது 1976இல். அந்த நாடாவை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. வேலை செய்யும் ஒரு வி.சி.ஆர். நண்பர்களிடம் இருந்தால் பனிக்காலத்துக்கு இரவல் வாங்கிவிடுங்கள். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. அது ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பின்னலாம் என்பது இந்த ஜோடியின் அழகு.

படங்களுக்கு ஸ்கேனரா, ஃபோன் கேமராவா? அதே அளவில் மறுபடி அச்சிட 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், பெரிதாக்க 600. பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் படம் 600இல் சுமார் 2400 × 3500 புள்ளிகள் வரும், அதற்கு மேல் போனால் காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரியும். நெகட்டிவ் கைவசம் இருந்தால் படத்தை விட்டுவிட்டு அதை ஸ்கேன் செய்யுங்கள். 3200 டி.பி.ஐ.யில் ஒரு 35 மி.மீ. சட்டகம் சுமார் 4500 × 3000 புள்ளிகள் தரும், படத்தில் விட்டுப்போன விவரமும் அதில் இருக்கும்.

ஃபோன் வேகமானது, ஆனால் பளபளப்பான படத்தில் விளக்கு பிரதிபலிக்கும். இதில் பனிக்காலம் ஒரு சலுகை தருகிறது. மேகம் மூடிய நாளில் ஜன்னலோரம் விழும் வெளிச்சம் சீரானது, நிழலே விழாது. மதியம் ஒரு இரண்டு மணி நேரம் ஜன்னல் பக்கத்தில் மேசையைப் போட்டு, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஃபோனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுத்தால் ஆல்பம் முழுக்க முடிந்துவிடும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் படம் பிரியவில்லை என்றால் பிய்க்கவே பிய்க்காதீர்கள், பக்கத்தோடு அப்படியே படமெடுங்கள். முக்கியமான பத்துப் பதினைந்து படங்களை மட்டும் பிறகு ஸ்கேனரில் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடத்தை முதலில் போடுங்கள்: 1987-05 என்று தொடங்கினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். வருடம் தெரியவில்லையா? பெரியம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஃபோன் போட்டு, படத்தை அனுப்பி, "இந்த ஓரத்தில் நிற்பது யார்?" என்று கேளுங்கள். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். அந்தப் பேச்சையும் பதிவு செய்துகொள்ளலாம், அவர்களிடம் சொல்லிவிட்டு. படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், ஓரமாக எழுதவேண்டும். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் மேடாகத் தெரியும்.

முடிந்ததும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. இதைச் செய்யாமல் ஸ்கேன் மட்டும் செய்து ஒரே ஹார்ட் டிஸ்கில் வைப்பது, பரணை மாற்றியதற்குத்தான் சமம்.

பழுது பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது

பெயிண்டைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். வாடையும் குளிர்ச்சுவரும் இரண்டும் எதிரிகள். நீர் கலந்த பெயிண்டுகளில் பெரும்பாலானவை பத்து டிகிரிக்கு மேல் கேட்கும். அறை சூடாக இருந்தாலும் வெளிப்பக்கச் சுவர் அப்படி இருக்காது. பழைய வீடாக இருந்தால் சுவரைத் தேய்ப்பதும் வேண்டாம், அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். மூடிய வீட்டில் அந்தத் தூள் மோசமானது. நிறத்தை முடிவு செய்வதை மட்டும் இப்போதே செய்யலாம். மாதிரி நிறங்களைப் பெரிய அட்டையில் பூசி, காய்ந்ததும் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று சுவர் சுவராக மாற்றி வைத்துப் பாருங்கள்.

குளிர்காற்று புகும் இடுக்குகளை அடைப்பது நேர்மாறு. பனிக்காலத்தில்தான் அது எங்கே இருக்கிறதென்று தெரியும். காற்று வீசும் நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டம், கதவின் அடி, வெளிச்சுவரில் இருக்கும் சுவிட்சுப் பெட்டி ஆகியவற்றின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள், திரைச்சீலை பக்கம் மட்டும் போகாமல். புகை நேராகப் போகாமல் எங்கே ஒடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு குறி. ஃபோம் டேப் மலிவு, ஆனால் சீக்கிரம் நசுங்கிப் படுத்துவிடும். அடிக்கடி திறக்கும் கதவுக்கு ரப்பர் பட்டை நெடுநாள் உழைக்கும். எதுவானாலும் சட்டத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டவேண்டும், குளிரும் ஈரமும் உள்ள பரப்பில் பசை பிடிக்காது.

ஜன்னல்மேல் ஹேர் டிரையரால் சூடாக்கி இறுக்கும் பிளாஸ்டிக் படலம் நன்றாகவே வேலை செய்யும். ஒட்டினால் வசந்தம் வரை அந்த ஜன்னல் திறக்காது, ஆகவே தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியான ஜன்னலில் ஒட்டக் கூடாது. விறகு, கேஸ், மண்ணெண்ணெய் என்று எதையாவது எரித்துச் சூடாக்கும் வீட்டில் காற்றுக்காக விட்டிருக்கும் துளைகளைத் தொடவே தொடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரமும் அங்கே கட்டாயம்.

செடி, இசை, பனித்துகள்

ஜன்னலோரத் தொட்டியில் துளசி வளர்க்கலாம் என்பது பனிக்காலத்தில் வெறும் ஆசை. வெளிச்சம் போதாது, ராத்திரி கண்ணாடிப் பக்கம் குளிரில் சுருண்டுவிடும். ஒரு எல்.இ.டி. விளக்கை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால்தான் எதுவும் வளரும். அப்படிச் செய்யத் தயார் என்றால் முளைத்த சில நாளிலேயே அறுத்துச் சாப்பிடும் இளங்கீரையான மைக்ரோகிரீன்ஸ் நல்ல தொடக்கம், முள்ளங்கியும் கடுகும் ஒரு வாரம் பத்து நாளில் அறுக்கலாம். தக்காளி நாற்றுக்கு அவசரப்படாதீர்கள். உங்கள் ஊரில் கடைசி உறைபனி விழும் நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு விதைத்தால் போதும்.

இசை கற்பதில் கிதாரும் கீபோர்டும்தான் பெரும்பாலோர் நினைப்பது. மரக்கிதாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். வறண்ட வீட்டில் வெளியே மாட்டிவைத்தால் கழுத்துப் பலகை சுருங்கி உலோகக் கட்டைகளின் முனை ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும், மேற்பலகை வெடிக்கவும் செய்யும். பெட்டிக்குள், ஈரப்பஞ்சோடு வைக்கவேண்டும். கீபோர்டுக்கு அந்தக் கவலை இல்லை, ஹெட்ஃபோன் மாட்டினால் வீட்டில் தூங்குகிறவர்களுக்கும் தொல்லை இல்லை. மின்சாரம் போனால் மட்டும் அது வெறும் பலகை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு நான் கீபோர்டைத்தான் சொல்வேன்.

ஒரு பத்து நிமிடம் வெளியே போகத் தயாராக இருந்தால் பனித்துகளைப் படமெடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். இன்று ஃபோனில் மாட்டும் மேக்ரோ லென்ஸே போதும். கறுப்பு உல்லன் துணியைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டு, அதன்மேல் விழும் துகளை மூச்சுப் படாமல் எடுக்கவேண்டும். மூச்சுப் பட்டால் போயிற்று.

எதை எடுப்பது?

என் கணக்கில், ஒரு பனிக்காலத்துக்கு இரண்டு வேலை போதும். ஒன்று, எங்கே நிறுத்தினாலும் கெடாத கைவேலை. இன்னொன்று, முடிவு என்று ஒன்று உள்ள வீட்டு வேலை. மூன்றாவதை எடுக்கிறவர்கள் மூன்றையும் முடிப்பதில்லை.

குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் குரோஷேயும் படங்களும். கத்தி வேலை குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், அப்போது உங்களுக்கும் கண் சொருகும், அது கத்தி பிடிக்கும் நேரமல்ல. தனி அறையோ சூடான பட்டறையோ உள்ளவருக்குக் கரண்டி செதுக்கலை முதலில் சொல்வேன், பின்னலைவிட அதில் சீக்கிரம் கை தேறும். வாடகை வீட்டில் இருப்பவர் ஜன்னல் படலத்தையும் சட்டத்தில் எதையாவது ஒட்டுவதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யவேண்டும். கணினி முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு, எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும், ஸ்கேன் செய்வது மாலையில் இன்னொரு அலுவலகம்தான். அவர் ஞாயிறு மதியத்துக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் திரை இல்லாத ஒன்றை எடுக்கட்டும்.

தனியாக இருப்பவருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒப்பீடு எல்லாம் சரி, பின்னல் ஊசி பேசாது. வாரத்தில் ஒரு நாளாவது இன்னொரு குரல் கேட்கும்படியான வேலை ஒன்று இருக்கவேண்டும். வீடியோவில் சேர்ந்து பின்னும் குழுவோ, பழைய படங்களை வைத்துக்கொண்டு உறவினரைக் கூப்பிடும் சாக்கோ எதுவானாலும் சரி. நாட்கள் தொடர்ந்து இருண்டே கிடந்து, எதையும் தொடப் பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால் அதற்குப் புதுப் பொழுதுபோக்கு தேடவேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.